ஏழு மாசமா ஜிம்முக்குப் போறன், கனக்கத்தான் சாப்பிடுறன், நிறை 53ஐ விட்டு அசையுதில்லை

ஒல்லியன்_கோண்டாவில்:

வணக்கம் அண்ணாமார் அக்காமார். இதிலை தேடிப்பாத்தனான், எல்லாம் மெலியிறது எப்பிடி எண்டுதான் கிடக்கு, உடம்பு வைக்கிறதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை, அதாலை நானே கேக்கிறன். வயசு 22, உயரம் 174 சென்ரிமீற்றர், நிறை 53 கிலோ. ஏழு மாசமா ஜிம்முக்குப் போறன், கிழமைக்கு நாலு நாள், கோண்டாவிலிலை இருந்து ரவுணுக்கு சைக்கிளிலைதான் போய்வாறது. முதல் மூண்டு மாசம் தூக்கிற பாரம் கூடிக்கொண்டு போச்சு, இப்ப பெஞ்சிலை (படுத்துக்கிடந்து நெஞ்சுக்கு மேலை பாரம் தூக்கிறது) 40 கிலோவோடை நிண்டு மாரடிக்கிறன். நிறை தைப்பொங்கலுக்கு என்னவோ இண்டைக்கும் அதுதான்.

சாப்பாடு குறைக்கிறேல்லை, சத்தியமா. விடிய எழும்பினவுடனை பிளேன்ரீ, பிறகு இடியப்பம் ஆறேழு சொதியோடை, சில நாள் நேரமில்லாட்டி அதுவும் இல்லை. மத்தியானம் கோப்பை நிறையச் சோறு, மீன் குழம்பு, ஒரு வறை, பருப்பு. பின்னேரம் பால்தேத்தண்ணியும் பணிசும். இரவு புட்டு, மத்தியானக் கறி மிச்சம். அம்மா "இவனுக்குப் போடுறதெல்லாம் எங்கை போகுதோ" எண்டு வாற போற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறா, கலியாணவீட்டுக்குப் போனால் பெரியம்மாமார் கையைப் பிடிச்சுப் பாத்து "என்ன தம்பி வருத்தமோ" எண்டு கேக்கினம், விசர் வருது.

ஜிம்மிலை ஒருத்தர் மாஸ் கெயினர் எண்டு உடம்பு வைக்கக் கரைச்சுக் குடிக்கிற மா எடுக்கச் சொல்லுறார், விலையைப் பாத்தால் தலை சுத்துது. இன்னொருத்தர் ஒரு குளிசை சொன்னவர், பேர் சொல்லேல்லை, கொண்டுவந்து தாறன், ஒரு மாசத்திலை கன்னம் வைக்கும் எண்டார். என்ன செய்யிறது? இன்னொண்டு, நல்லூர்க் கந்தசாமி கோவில் திருவிழாவுக்குக் கொடியேற வீட்டிலை 25 நாளும் சைவம், மச்சச் சட்டி எல்லாம் கழுவி மேலை ஏத்திப்போடுவினம், முட்டை கூட உள்ளுக்கை வராது. அந்த 25 நாளும் என்ன செய்யிறது எண்டும் சொல்லுங்கோ.

கொத்துமன்னன்:

மச்சான் இரவு பத்துமணிக்கு ரெண்டு கொத்து அடி, பிறகு சொல்லு. நான் ஜிம் வாசலையே மிதிக்காமல் 94 கிலோ, உனக்கு வேணுமெண்டால் 20 கிலோ இலவசமாத் தாறன்.

வடமராட்சியான்:

கொத்தர் பகிடி விடுறார், அவற்றை 94ஐக் கேட்டு எடுத்துப்போடாதை, அதிலை முக்கால்வாசி வண்டிதான்.

தம்பி, நானும் 51 கிலோவிலை தொடங்கினவன், இப்ப 68, அஞ்சு வருசம் எடுத்தது. நீ சொன்ன சாப்பாட்டை வாசிச்சவுடனை என்ரை பழைய கோப்பையைப் பாத்தமாதிரி இருந்துது. வயிறு நிறையுது, கலோரி நிறையேல்லை, அதுதான் வில்லங்கம். இடியப்பத்துக்கை பாதி காத்து, சொதி அரைவாசி தண்ணி, எங்கடை வீட்டுப் பருப்பும் பெரும்பாலும் தண்ணிப் பருப்பு. அவிச்ச சோறு 100 கிராமிலை 130 கலோரி, புரதம் மூண்டு கிராம் கூட வராது. கோப்பை நிறைய எண்டு நீ சொல்லுறது 300 கிராம் எண்டு வை, 390 கலோரி, புரதம் எட்டுக் கிராம். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் 120 கலோரி. ஒரு கரண்டி எண்ணெய்க்கு 90 கிராம் சோறு ஈடு, ஆனால் வயித்திலை எது கூட இடம் பிடிக்கும்?

கணக்கு ஒண்டு சொல்லுறன், மிஃப்லின் எண்ட ஆக்களின்ரை சூத்திரம், கன ஆப்புகள் இதைத்தான் வைச்சிருக்கு. நிறையை 10ஆலை பெருக்கு, உயரத்தை 6.25ஆலை பெருக்கிக் கூட்டு, வயசை அஞ்சாலை பெருக்கிக் கழி, ஆம்பிளையெண்டால் 5 கூட்டு. உனக்கு 1,512 வருது, அது சும்மா படுத்துக்கிடந்தாலே எரியிறது. ஜிம்மும் சைக்கிளும் சேர்த்து ஒண்டரையாலை பெருக்கினால் 2,270 கிட்ட. ஆனால் அது குத்துமதிப்பு. மூண்டு நாளைக்கு வாயிலை போடுற எல்லாத்தையும் நிறுத்து எழுது, ஒரு சொட்டு விடாமல், பணிசையும் எழுது. நிறை அசையாமல் நிக்குதெண்டால் இப்ப சராசரியா நீ தின்னிறதுதான் உன்ரை உண்மையான கணக்கு, அதுக்கு மேலை 300, 400 போட்டால் காணும். 1,000 போட்டால் கெதியா வருமெண்டு நினைக்காதை, வரும், இடுப்பிலை வரும். கிழமைக்கு உன்ரை நிறையிலை கால் வீதத்திலை இருந்து அரை வீதம், அதாவது 130 கிராமிலை இருந்து 260 கிராம் மட்டும் ஏறினால் நல்லம்.

புரதம் கிலோவுக்கு 1.6 கிராம், உனக்கு 85. அதை ஒரே நேரத்திலை திண்டு முடிக்காமல் நாலு நேரமாப் பிரி.

பெஞ்சு 40இலை நிக்கிறதுக்கும் இதுதான் காரணம் எண்டு நினைக்கிறன், ஆனால் காலுக்கும் பயிற்சி அடிக்கிறியோ? பொடியள் எல்லாம் நெஞ்சும் கையும்தான் அடிக்கினம்.

ஒல்லியன்_கோண்டாவில்:

அண்ணை எழுதிப் பாத்தனான். அம்மா கேக் அடிக்கிற தராசை எடுத்து வைச்சு சோறு நிறுக்க வீட்டிலை எல்லாரும் சிரிச்சுப் போட்டினம், அம்மம்மா "சோத்தை நிறுத்துத் தின்னிற காலமும் வந்திட்டுது" எண்டு தலையிலை கைவைச்சிட்டா. முதல் நாள் 2,210, ரெண்டாம் நாள் 2,350 (அண்டைக்கு ஒரு பிறந்தநாள் கேக்), மூண்டாம் நாள் 1,780, விடிய சாப்பிடேல்லை. சராசரி 2,113. புரதம் 58 கிராம்தான். நான் நெடுகக் கனக்கச் சாப்பிடுறன் எண்டு நினைச்சது அந்த ரெண்டாம் நாள்மாதிரி நாளைத்தான் போலை, மற்ற நாள் மனசிலை நிக்கேல்லை.

காலுக்குக் கிழமைக்கு ஒருக்கா அடிக்கிறனான். (இல்லை. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா.)

பழைய_மைதானம்:

எங்கடை காலத்திலை தராசும் இல்லை டப்பாவும் இல்லை. எதிர்வீரசிங்கம் 1958இலை ரோக்கியோ ஆசிய விளையாட்டிலை உயரம் பாய்ஞ்சு தங்கம் எடுத்தவர், இலங்கைக்கு ஆசிய விளையாட்டிலை கிடைச்ச முதல் தங்கம், எங்கடை பொடியன். அவர் என்ன மாஸ் கெயினரோ குடிச்சவர்? கூழும் குரக்கன் புட்டும் தின்னுங்கோ, விடிய எழும்பி ஓடுங்கோ.

வடமராட்சியான்:

ஐயா மரியாதையோடை சொல்லுறன், உயரம் பாயிறவர் நிறை கூட்டினால் தடியை எப்பிடித் தாண்டிறது? இவன் கேக்கிறது அதுக்கு எதிர்மாறு. விடிய ஓடச் சொல்லி உள்ளதையும் கரைச்சுப் போடாதேங்கோ. கூழ் ஓம், மீனும் நண்டும் இறாலும் பயத்தங்காயும் பலாக்கொட்டையும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சினால் அதைவிட என்ன வேணும், ஆனால் கிழமைக்கு நாலு நாள் கூழ் காய்ச்ச ஆருக்கு ஏலும்.

பழைய_மைதானம்:

அதுவும் சரிதான். கூழ் எண்டால் நான் வாறன்.

வார்ட்_அக்கா:

தம்பி, அந்தக் குளிசைக் கதையை வாசிச்சு நித்திரை வரேல்லை, அதுதான் ட்யூட்டி முடிஞ்ச கையோடை எழுதுறன். ஒரு மாசத்திலை கன்னம் வைக்கும் எண்டு பேர் சொல்லாமல் குடுக்கிறது அனேகமா டெக்சாமெதசோனா இருக்கும், இல்லாட்டி சைப்ரோஹெப்ரடீன் (பசியைக் கூட்டிற ஒரு அலர்ஜி மருந்து), சில நேரம் ரெண்டும் சேர்த்து. டெக்சாமெதசோன் ஒரு ஸ்ரெரொயிட், அது நல்ல மருந்து, வேண்டிய வருத்தத்துக்கு வேண்டிய அளவிலை டொக்டர் எழுதிக் குடுத்தால். சும்மா எடுத்தால் முகம் வட்டமா ஊதும், வயித்திலை கொழுப்பும் உடம்பிலை நீரும் சேரும், ஆக்கள் "பொடியன் தேறிட்டான்" எண்டு சொல்லுவினம், ஆனால் உள்ளுக்கை அது தசையைக் கரைக்கும், எலும்பைப் பலவீனமாக்கும், சீனியை ஏத்தும். கன நாள் எடுத்திட்டு டக்கெண்டு விட்டாலும் ஆபத்து, உடம்பு தன்ரை ஸ்ரெரொயிட்டைத் தானாச் சுரக்கிறதை மறந்துபோயிருக்கும். நீ தசைக்காக ஜிம்முக்குப் போறாய், அதைத் தின்னிற குளிசையை விழுங்கப் போறியோ? தாறன் எண்டவரிட்டை வேண்டாம் எண்டு சொல்லு.

உன்ரை பிஎம்ஐ (உயரத்துக்கு நிறை காணுமோ எண்டு பாக்கிற கணக்கு) 17.5 வருது, 18.5க்குக் கீழை எண்டால் நிறை குறைவு. சின்னனிலை இருந்தே ஒல்லியெண்டால் பெரிசாப் பயப்பிடத் தேவையில்லை. ஆனால் நல்லா இருந்து திடீரெண்டு மெலிஞ்சாலோ, நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், கன தாகம், அடிக்கடி மூத்திரம், ரெண்டு கிழமைக்கு மேலை இருமல், இரவிலை வேர்வை இருந்தாலோ சாப்பாட்டுக் கணக்கை விட்டிட்டு முதல் டொக்டரிட்டைப் போ. தைரொயிட், சீனி, காசநோய் எல்லாம் மெலியப்பண்ணும். பூச்சிக் குளிசை கடைசியா எப்ப போட்டனி? பள்ளிக்கூடத்திலை தந்ததோடை சரியெண்டால் அதையும் ஒருக்கா கேள்.

அனுபவத்திலை ஒண்டு: விடிய எழும்பினவுடனை பிளேன்ரீ குடிக்கிறதை நிப்பாட்டு, இல்லாட்டி சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடி. பசியை அது அடிச்சுப்போடும், சாப்பாட்டிலை இருக்கிற இரும்பையும் உடம்பு முழுசா எடுக்க விடாது.

ஸ்காபரோ_ரூபன்:

நான் இஞ்சை கனடாவிலை வே புரோட்டீன் பாவிக்கிறனான், அது விசமில்லை, பாலிலை இருந்து சீஸ் செய்யேக்கை மிஞ்சிற தண்ணியிலை எடுக்கிறது, ஒரு ஸ்கூப் 24 கிராம் வரும். ஆனால் மாஸ் கெயினர் வேறை சாமான், டப்பாவின்ரை பின்பக்கத்தை வாசிச்சுப் பார், முதலாவதா மோல்ரோடெக்ஸ்ரின் எண்டு இருக்கும், மாச்சத்து, ஏறக்குறையச் சீனிதான். வெள்ளைச் சீனியை அந்த விலைக்கு ஆர் வேண்டுவினம்? காசிருந்தால் கிரியேட்டின் மொனோஹைட்ரேற் மட்டும் நாளுக்கு 3, 5 கிராம் எடு, அது நல்லா ஆராய்ஞ்ச சாமான். முதல் ரெண்டு கிழமையிலை ஒரு கிலோமட்டும் கூடலாம், அது தண்ணி, ஏமாறாதை.

மற்றது நீ காலாட்டுறனியோ? பகிடியில்லை. 1999இலை அமெரிக்காவிலை மாயோ கிளினிக்கிலை ஜேம்ஸ் லெவைன் ஆக்கள் 16 பேருக்கு எட்டுக் கிழமை நாளுக்கு 1,000 கலோரி கூடக் குடுத்துப் பாத்தவை, எல்லாரும் ஒரே அளவு கூடத் திண்டும் ஒருத்தருக்குக் கொழுப்பு அரைக் கிலோவும் ஏறேல்லை, இன்னொருத்தருக்கு நாலு கிலோவுக்கு மேலை. வித்தியாசம் எங்கையெண்டால் சிலருக்குக் கூடச் சாப்பிட்டவுடனை உடம்பு தானா துருதுருக்கத் தொடங்கும், எழும்பும் இருக்கும் நடக்கும் கால் ஆடும், அதிலையே எரிஞ்சு போயிடும்.

ஒல்லியன்_கோண்டாவில்:

அண்ணை இதை எழுதேக்கையும் கால் ஆடுது. அம்மம்மா நெடுகப் பேசுவா, காலாட்டினால் வீட்டுக்குத் தரித்திரம் எண்டு. தரித்திரம் வீட்டுக்கில்லை, எனக்குத்தான் போலை.

செல்வி_அம்மா:

நான் இதிலை சமையல் பக்கத்திலைதான் எழுதிறனான், மகன் இந்தக் கதையைக் காட்டினவன். பிள்ளையள், நீங்கள் கலோரி கிராம் எண்டு கதைக்கிறது எனக்கு விளங்காது, ஆனால் உடம்பு வைக்கப்பண்ணுற சாப்பாடு எங்கடை வீடுகளிலை எப்பவோ இருந்தது. பெட்டை பெரியபிள்ளையானவுடனை என்ன குடுக்கிறனாங்கள்? உழுந்தங்களி, முட்டை, நல்லெண்ணெய், நல்லெண்ணெயிலை பொரிச்ச கத்தரிக்காய். பிள்ளை பெத்தவளுக்கும் உழுந்துதான். அது பொம்பிளையளுக்கு மட்டும்தான் எண்டு ஆர் சொன்னது? என்ரை மகனும் ஓ.எல் எடுக்கேக்கை உன்னைமாதிரித்தான், சைக்கிள் பம்ப்மாதிரி. ஒரு வருசம் விடிய உழுந்தங்களி குடுத்தனான், இப்ப வாசல்படியிலை சரிஞ்சுதான் வாறான் (சும்மா சொல்லுறன்).

செய்யிறது லேசு. உழுந்தை வாசம் வர வறுத்து இடிச்சு மா எடுத்து வைச்சால் மாசக்கணக்கா இருக்கும். ஒரு பேணி உழுத்தம்மா எண்டால் அதிலை கால்வாசி அரிசிமா சேர்த்து, ரெண்டாம் பாலிலை கட்டியில்லாமல் கரைச்சு, அடுப்பிலை வைச்சுக் கிண்டவேணும், கையை எடுக்கக்கூடாது. பனங்கட்டியைத் தட்டிப் போட்டு, முதல்பாலை விட்டு, இறுகி வரேக்கை நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கிண்டு, சட்டியிலை ஒட்டாமல் திரண்டு வந்தால் இறக்கு. சூட்டோடை உருட்டி நடுவிலை குழி வைச்சு அதுக்கை இன்னும் கொஞ்ச நல்லெண்ணெய். ஒரு உருண்டை திண்டால் மத்தியானம்மட்டும் பசிக்காது.

வடமராட்சியான்:

அம்மா இதை நாங்கள் மூண்டு பக்கம் எழுதியிருப்பம். உழுந்து 100 கிராமிலை ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கு, எண்ணெய் தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்தால் ஒரு பெரிய உருண்டை 350, 400 கலோரிக்குக் குறையாது. ஒண்டு மட்டும், மத்தியானம்மட்டும் பசிக்காது எண்டதுதான் இவனுக்குச் சிக்கல், அதாலை விடிய ஒண்டு, இரவு சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலம் கழிச்சு ஒரு சின்ன உருண்டை எண்டு பிரிச்சுக் குடுங்கோ.

பெரியபிள்ளையானவளுக்குக் குடுக்கிறமாதிரி பச்சை முட்டையை நல்லெண்ணெயோடை குடிக்க மட்டும் தொடங்கிப்போடாதை தம்பி. அவிச்ச முட்டையின்ரை புரதத்திலை 90 வீதமளவு சமிக்குது, பச்சையிலை பாதிதான் எண்டு அளந்தே பாத்திருக்கினம், கிருமிப் பயம் வேறை.

வார்ட்_அக்கா:

களிக்கு நானும் ஓம். தேங்காய்ப்பாலிலை இருக்கிறது நிறைவுற்ற கொழுப்பு, கூடினால் கொலஸ்ரரோலை ஏத்தும், அதையே மூண்டு நேரமும் நம்பாமல் நல்லெண்ணெய், கச்சான், எள்ளு, மீன் எண்டு மாறி மாறி எடு. கீரிமீன், சூடைமீன் எல்லாம் பெரிய மீனைவிட விலை குறைவு, சத்திலை ஒண்டும் குறைவில்லை, பின்னேரம் பாசையூர்ப் பக்கம் போனால் மலிவா வேண்டலாம். கருவாட்டிலும் புரதம் கூட, ஆனால் உப்பு, நாள்தோறும் வேண்டாம்.

ஒல்லியன்_கோண்டாவில்:

அம்மாட்டைச் சொன்னனான். அடுப்படிக்குள்ளை இருந்து சத்தமாக் கேக்கிறா "தம்பிக்கு எப்ப சாமத்தியவீடு வைக்கிறது, மண்டபம் பாக்கட்டோ" எண்டு. தங்கச்சி அதை வகுப்பெல்லாம் சொல்லிப்போட்டாள். ஆனால் அடுத்தநாள் விடிய களி கோப்பையிலை இருந்துது.

இப்ப செய்யிறது: விடிய களி, அவிச்ச முட்டை ரெண்டு. பத்துமணிக்கு கச்சான் ஒரு கைப்பிடி. மத்தியானம் சோறு அதே அளவுதான், மேலை நல்லெண்ணெய் ஒரு கரண்டி, மீன் ஒரு துண்டுக்கு ரெண்டு துண்டு, பருப்பைக் கட்டியா வைக்கச் சொல்லியிருக்கு. ஜிம் முடிய ஒரு கிளாஸ் பால், ரெண்டு இதரை வாழைப்பழம், கச்சான் ரெண்டு கரண்டி எல்லாம் போட்டு அடிச்சுக் குடிக்கிறன், அது மட்டும் 500 வருது, வெக்கையிலை சாப்பிட ஏலாத நேரத்துக்கு குடிக்கிறது லேசா இருக்கு. இரவு புட்டோடை முட்டை ரெண்டு. 2,500 தாண்டுது, புரதம் 90 கிட்ட. முதல் நாலைஞ்சு நாள் வயிறு ஊதிப்போய் ஜிம்மிலை குனிய ஏலாமல் கிடந்தனான், இப்ப பழகிட்டுது.

வாற கிழமை கொடியேற்றம். மீனும் போச்சு, முட்டையும் போச்சு, அந்தக் கேள்விக்கு ஒருத்தரும் மறுமொழி எழுதேல்லை.

ஸ்காபரோ_ரூபன்:

25 நாளிலை தசை ஒண்டும் காணாமல் போகாது, பயப்பிடாதை, பாரம் தூக்கிறதை விடாமல் இரு. வீட்டுக்காரர் ஓமெண்டால் வே புரோட்டீன் ஒரு சின்னப் பைக்கற் அந்த மாசத்துக்கு மட்டும் வேண்டலாம், பால்தானே.

வடமராட்சியான்:

அதுக்கு முதல் சோயாமீற்றைப் பார். காய்ஞ்ச சோயாமீற்றிலை அரைவாசி புரதம், 50 கிராம் ஊறவைச்சுப் பிழிஞ்சு பிரட்டல் கறி வைச்சால் 25 கிராம் வந்திடும், பைக்கற்றோடை வாற உப்புத்தூளை எறி. அவிச்ச கடலை 200 கிராமிலை 17, 18 கிராம், அதைச் சுண்டலாத் தாளி. பயறு, தயிர், பால், களி எல்லாம் இருக்குத்தானே. நல்லூருக்குப் போனால் வீதி முழுக்கக் கச்சான் கடை, அம்மாமார் சூடா வறுத்துச் சுருளிலை போட்டுத் தருவினம், 50 கிராம் திண்டால் 280 கலோரியும் 13 கிராம் புரதமும். ஐஸ்கிறீமும் ஒண்டு குடி, இந்த மாசம் உனக்கு மன்னிப்பு. கோவில் வீதியிலை உருண்டு பிரதட்டை அடிக்கிற எண்ணம் இருந்தால் மட்டும் அண்டைக்குக் கணக்கைக் கூட்டிப் போடு.

ஒல்லியன்_கோண்டாவில்:

திருவிழாவின்ரை கடைசி நாள் தீர்த்தமும் முடிஞ்சுது, என்ன நடந்தது எண்டு எழுதுறன். நிறுக்கிறது திங்கள் விடிய, சாப்பிட முதல், ஒரே தராசிலை. ஏழு கிழமைக்கு முதல் 53, இண்டைக்கு 54.3. திருவிழா நடுவிலை ரெண்டு கிழமை அசையவே இல்லை, சோயாமீற் தொடர்ந்து திண்டு சலிச்சுப்போச்சு, அண்டைய நாளுகளிலை 2,300உம் வந்திராது. தேரண்டு விடியத் தொடங்கிப் பின்னேரம்மட்டும் நடந்தது, அண்டைக்குக் கச்சான் மட்டும்தான். தீர்த்தம் முடிஞ்ச அடுத்தநாள் அம்மா மச்சச் சட்டியை இறக்கி கீரிமீன் குழம்பு வைச்சா, ரெண்டு கோப்பை. பெஞ்சு 47.5. கால் இப்ப கிழமைக்கு ரெண்டு தரம் அடிக்கிறன், படியிறங்க ஏலாமல் கிடக்கு. குளிசைக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், வேண்டாமெண்டு சொல்லியாச்சு. ஜீன்ஸ் இறுகுது அண்ணை, அது நல்லதோ கூடாதோ?

வடமராட்சியான்:

தொடையிலை இறுகுதோ இடுப்பிலை இறுகுதோ? தொப்புள் உயரத்திலை நாடா பிடிச்சு அளந்து போடு, வயித்தை உள்ளுக்கு இழுக்காமல்.

ஒல்லியன்_கோண்டாவில்:

அம்மான்ரை தையல் நாடாவைத் தேடுறன். தங்கச்சி எடுத்து ஒளிச்சு வைச்சுக்கொண்டு சாமத்தியவீட்டுச் சட்டைக்கோ எண்டு கேக்கிறாள்.